மாவிளக்கும் ஜிலேபி மீனும்

சேர்வராயன் துணை

ஏற்காடு,
4.10.85, வெள்ளி.

அன்பு மகள் காவேரிக்கு அம்மா எழுதுவது.

இங்கு அனைவரும் நலம் என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் நேற்று உன் கடிதம் வந்ததிலிருந்து இந்த வீட்டில் ஒருவரும் நலமில்லை. கடையில் சர்க்கரை கேட்ட அம்மாளுக்கு நான் உப்பைக் கட்டிக் கொடுத்துவிட்டேன். அவள் அதைக் காப்பியில் போட்டுக் குடித்துவிட்டு, பஸ் ஸ்டாண்டே கேட்கும்படி என்னைத் திட்டிவிட்டுப் போனாள்.

நீ எழுதியதை நான் சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்று பார். மாப்பிள்ளைக்கு மில்லுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாய். திரும்பி வரும் வழியில் சிங்காநல்லூர் குளக்கரையில் உட்கார்ந்திருக்கிறாய். சாப்பாட்டுக் கூடைக்குள் தூண்டில் நரம்பும் முள்ளும் இருந்திருக்கின்றன. புதுப்பெண்ணின் கூடைக்குள் அது எப்படி வந்தது என்று நான் கேட்கப்போவதில்லை. உன் சீர்ப்பெட்டியை உன் அப்பா கதவைச் சாத்திக்கொண்டு கட்டியபோதே எனக்குச் சந்தேகம்தான். நாலு ஜிலேபி மீன் மாட்டியிருக்கிறது. அவற்றைக் கோரையில் கோத்துத் தொங்கவிட்டுக்கொண்டு, முன்வாசல் வழியாக வீட்டுக்குள் நடந்திருக்கிறாய். அன்றைக்குப் புரட்டாசி இரண்டாம் சனிக்கிழமை. உன் மாமியார் பெருமாள் படத்துக்கு முன்னால் மாவிளக்கு ஏற்றி, கண்ணை மூடிக் கோவிந்தா போட்டுவிட்டுக் கண்ணைத் திறந்தால், எதிரே நீ மீனோடு நிற்கிறாய்.

கோபித்துக்கொள்ளாதே, படித்ததும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. கடைசி இரண்டு வரிக்கு வந்ததும் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. என்னால் இங்கே இருக்க முடியவில்லை, வந்து கூட்டிக்கொண்டு போ என்று எழுதியிருக்கிறாய்.

இத்தனைக்கும் காரணம் உன் அப்பாதான். புரட்டாசியில் மீனைச் சமைத்தால்தான் தப்பு, பிடித்தால் தப்பில்லை என்று தனக்கென்று ஒரு சட்டம் போட்டுக்கொண்டார். பிடித்ததைப் பக்கத்து வீட்டு லூர்துசெல்விக்குக் கொடுத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர் போல விபூதியைப் பூசிக்கொண்டு உட்காருவார். அந்த வீட்டில் வளர்ந்த பெண் நீ. அடுத்த வீட்டுக்குக் கொடுக்கத்தானே கொண்டுவந்தேன், அதில் என்ன தப்பு என்று கேட்கிறாய். உன் அப்பாவின் சட்டம் மலையை விட்டுக் கீழே இறங்கினால் செல்லாது கண்ணு. இதை நான் கல்யாணத்துக்கு முன்னாலேயே சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். முறுக்கு எப்படிச் சுடுவது என்று மட்டும்தான் சொல்லி அனுப்பினேன்.

உன் கடிதத்தை அவரிடம் கொடுத்தேன். படித்து முடித்தார். கண்ணில் தண்ணீர் நின்றது. பாவம் என்று பார்த்தால், அந்தக் கண்ணோடேயே என்னைப் பார்த்து, ‘மண்புழுவுல புடிச்சுச்சா, மாவுலயா? எழுதலியே’ என்கிறார். நான் உலை மூடியைக் கொஞ்சம் சத்தமாக வைத்தேன்.

ஆடிக்கு நீ வந்திருந்தபோதே கேட்டிருக்க வேண்டும். வாய் ஓயாமல் பேசும் பெண், ஏரிக்கரையில் அப்பாவோடு உட்கார்ந்துவிட்டு வந்து ஒரு வார்த்தையும் பேசாமல் படுத்துக்கொண்டாய். பஸ் அலுப்பு என்று நினைத்துவிட்டேன்.

இந்த ஞாயிறு காலாண்டு விடுமுறைக் கூட்டம், கடையை மூட முடியாது. திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் நாங்கள் இரண்டு பேரும் கிளம்பி வருகிறோம். என் பையைக்கூடக் கட்டிவிட்டேன். அதுவரை உன் மாமியாரிடம் வாய் கொடுக்காதே. அழுதால் கிணற்றடியில் போய் அழு. நான் வரும்வரை பெட்டியைக் கட்டத் தொடங்காதே.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா ராசம்மாள்


சேர்வராயன் துணை

ஏற்காடு,
8.10.85, செவ்வாய்.

என் கண்ணு காவேரிக்கு,

அம்மாவின் ஆசிகள். நாங்கள் வரமாட்டோம் என்று மாப்பிள்ளை வந்து சொல்லியிருப்பார். இருந்தாலும் நேற்று முழுக்க நீ வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். நானும் நேற்றெல்லாம் கோயமுத்தூர்ப் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டுதான் சாமான் நிறுத்தேன். உன்னைக் கேட்காமல் நான் ஒரு முடிவு எடுத்துவிட்டேன். ஏன் எடுத்தேன் என்று முழுவதும் எழுதுகிறேன். படித்துவிட்டு என்னைத் திட்டுவதானால் திட்டு.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸிலிருந்து உன் வீட்டுக்காரர் இறங்கினார். இறங்கினார் என்பது மரியாதைக்காகச் சொல்வது. கண்டக்டர் கையைப் பிடித்து இறக்கிவிட்டார். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் தலையைச் சன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு வந்திருக்கிறார். முகம் வெற்றிலை மாதிரி பச்சையாக இருந்தது. எலுமிச்சம்பழத்தில் உப்பு வைத்துக் கொடுத்து, கடைக்குள் அரிசி மூட்டை மேல் உட்கார வைத்தேன். கொஞ்சம் தெளிந்ததும் எழுந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடப் பையன் பாட்டு ஒப்பிப்பது போல ஒப்பித்தார். பொண்ணை மீன் வாடையோடு வளர்த்துவிட்டு எங்கள் வீட்டு விளக்கை அணைக்க அனுப்பிவிட்டீர்களே என்று உன் மாமியார் கேட்கச் சொன்னார்களாம்.

எனக்குச் சுருக்கென்றது. இதற்குப் பதில் வெள்ளிக்கிழமையிலிருந்தே என் வாயில் தயாராக இருந்தது. ஆனால் கடை முழுக்க வெளியூர்க் கூட்டம். பிஸ்கட் கொடுங்கள், தீப்பெட்டி கொடுங்கள் என்று கை நீட்டுகிறார்கள். அதற்குள் உன் அப்பா பயந்துபோய், ‘வாங்க மாப்ள, ஏரியப் பாத்துட்டு வரலாம்’ என்று அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். போகும்போது பழக்க தோஷத்தில் கதவு மூலையில் இருந்த தூண்டில் கழியையும் எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டார். மீன் பிடித்த புகாருக்குச் சமாதானம் சொல்லப் போகிறவர் தூண்டிலோடு போன கதை உலகத்தில் எங்காவது உண்டா?

அதன்பிறகு நடந்ததெல்லாம் எனக்குக் கடையிலேயே வந்து சேர்ந்தது. ஏரிக்கரையில் மக்காச்சோளம் சுடும் பாப்பாத்தி உப்பு வாங்க வந்தாள். ‘ஏனுங்கக்கா, உங்க ஊட்டு மாப்பிள்ளைக்கு வேட்டியெல்லாம் சேறுங்க’ என்றாள். படகுத்துறை மூலையில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஏரியில் தண்ணீரைவிடப் படகுதான் அதிகம். புதுசாகக் கல்யாணமான ஜோடி ஒன்று துடுப்பை எப்படிப் பிடிப்பதென்றே தெரியாமல் சுற்றிச் சுற்றி வந்து தூண்டில் நரம்பை அறுத்துவிட்டதாம். வாட்ச்மேன் விசில் ஊதி இரண்டு பேரையும் எழுப்பி விட்டிருக்கிறார்.

கொஞ்ச நேரம் கழித்து ஓட்டலுக்குக் காய்கறி எடுத்துப் போகும் அருள்சாமி வந்தார். இப்போது ஓட்டல் சமையல்கட்டுக்குக் கீழே, சோற்றுப் பாத்திரம் கழுவின தண்ணீர் ஏரியில் விழுகிற இடத்தில் இருக்கிறார்களாம். உனக்குத்தான் அந்த இடம் தெரியுமே. மாப்பிள்ளை அங்கே தண்ணீரை எட்டிப் பார்த்துவிட்டு, ‘ஏனுங்க மாமா, இந்த மீனெல்லாம் ஓட்டல் சாப்பாடுங்களா?’ என்று கேட்டாராம். உன் அப்பா விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார். அந்தச் சத்தத்தில் மேலே ஓட்டல் அறையில் தூங்கிக்கொண்டிருந்த யாரோ பணக்காரர் சன்னலைத் திறந்து கத்த, அங்கிருந்தும் கிளம்பியாகிவிட்டது.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. சமாதானம் பேசப் போனவர் ஊருக்குள் எங்கே மீன் இருக்கிறது என்று மாப்பிள்ளைக்குச் சுற்றிக் காட்டிக்கொண்டு இருக்கிறார். மூன்றாவதாக லூர்துசெல்வியின் வீட்டுக்காரர் மனுவேல் ஜீப்பை நிறுத்தி எட்டிப் பார்த்தார். கொட்டச்சேடு போகிற வழியில் எஸ்டேட் குட்டையில் இரண்டு பேரையும் இறக்கிவிட்டு வந்தாராம். கணக்கு எழுதும் எஸ்டேட் ரைட்டர் நம் கடை வாடிக்கைதான், ஒன்றும் சொல்லவில்லை. ‘மாப்பிள்ளைதானுங்க இன்னொரு எடம் பாக்கலாம்னு சொன்னாரு. உங்க ஊட்டுக்காரரு நொம்ப வேண்டாமின்னாருங்க’ என்றார் மனுவேல். உன் அப்பாவுக்காகப் பொய் சொல்கிறார் என்றுதான் நான் நினைத்தேன். உண்மைதானாம்.

சாம்பார், பொரியல், பாயசம் எல்லாம் ஆறிப்போன பிறகு வந்து சேர்ந்தார்கள். உன் அப்பாவின் கை காலி. முகம் அதைவிடக் காலி. பின்னால் மாப்பிள்ளை, இடுப்பு வரை நனைந்துபோய், பிறந்த குழந்தையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையிலும் ஒரு பெரிய கெண்டையை ஏந்திக்கொண்டு வருகிறார். தூண்டிலைக் கொஞ்ச நேரம் பிடிக்கச் சொல்லிவிட்டு உன் அப்பா மூக்குப்பொடி போட்டிருக்கிறார். அதற்குள் மீன் இழுக்க, இவர் விடமாட்டேன் என்று தண்ணீருக்குள்ளேயே இறங்கிவிட்டாராம். இத்தனை வருஷமாக அந்தக் குட்டையில் தனக்கு இப்படி ஒன்று மாட்டவில்லையே என்று உன் அப்பா இன்றுவரை புலம்புகிறார். நேற்று ராத்திரி தூக்கத்தில்கூட மூக்குப்பொடியைத் திட்டினார்.

நம் வாசற்படிக்கு வந்ததும்தான் மாப்பிள்ளைக்குத் தன் கையில் இருப்பது என்ன, இது என்ன மாதம் என்று உறைத்தது. அப்படியே நின்றுவிட்டார். உள்ளே வரவில்லை. நம் சாமி விளக்கு எரிவதை எட்டிப் பார்த்தார். பின்பக்கம் எந்த வழியாகப் போகவேண்டும் என்று கேட்டார். சுற்றிக்கொண்டு போய், மீனை லூர்துசெல்வியிடம் கொடுத்துவிட்டு, அந்தக் குளிரில் குழாய்த் தண்ணீரை அப்படியே தலையில் ஊற்றிக்கொண்டு வந்தார். பல் கிடுகிடுவென்று ஆடுகிறது. என் வாயில் தயாராக இருந்த பதிலில் பாதி அப்போதே கரைந்துவிட்டது.

சாப்பிட்டு முடித்ததும் இலையை மடிக்காமல் உட்கார்ந்திருந்தார். ‘அத்தை, எங்கம்மா சொல்லச் சொன்னதச் சொல்லீட்டனுங்க. நான் சொல்ல வந்தத இன்னும் சொல்லலீங்க’ என்றார். பிறகு அவர் சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதுகிறேன்.

‘அன்னைக்கு டீக்குடிக்க மில் கேட்டுக்கு வந்தனுங்க. காவேரி கொளத்தங்கரையில உக்காந்திருந்துச்சு. ஒரு மீன இழுத்துப்போட்டுட்டு தானாச் சிரிச்சுட்டு இருந்துச்சுங்க. எங்க ஊட்டுல அது சிரிச்சு நான் பாத்ததே இல்லீங்க. கூப்புட்டா நிறுத்திருமோன்னு கூப்புடலீங்க. டீ ஆறிப்போற வரைக்கும் பாத்துட்டே நின்னனுங்க. சாயங்காலம் ஊட்டுக்குப் போனா எங்கம்மா வையறாங்க, அது அழுதுட்டு நிக்குது. நான் வாயே தொறக்கலீங்க. அதுதானுங்க எனக்கு ஒரு வாரமாத் தூக்கம் வரல.’

ரசம் வைத்த பாத்திரத்தைக் காரணம் இல்லாமல் கிண்டிக்கொண்டே நின்றேன். உன் அப்பாவோ வெளிப்படையாகவே அழுதுவிட்டார். உன் புருஷனை அந்த நிமிஷத்தில் எனக்கு அவ்வளவு பிடித்துப்போயிற்று. கல்யாணத்தன்று ஒல்லியாக இருக்கிறார், வாய் பேசத் தெரியவில்லை என்று உன்னிடம் குறை சொன்னேன் அல்லவா, அதை இந்தக் கடிதத்திலேயே திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

பிறகு அவர் உன் அப்பாவைப் பார்த்துக் கேட்டார். எங்கள் ஊருக்குள்ளே சொந்தக்காரர் கண்ணில் படாமல் காவேரி நிம்மதியாக உட்கார்ந்து மீன் பிடிக்க நல்ல இடம் எது, அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று. அவ்வளவுதான். உன் அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு சாமான் கட்டும் தாளில் கோயமுத்தூரையே வரைய ஆரம்பித்துவிட்டார். அந்த ஊரில் பஸ் ஸ்டாண்டையும் உன் வீட்டையும் தவிர அவர் எதையும் பார்த்ததில்லை. துணி துவைக்கும் படித்துறை வேண்டாம், அங்கே சோப்புத் தண்ணீர் என்றார். எருமை குளிக்கும் இடம் நல்லது. சாக்கடை வந்து கலக்கும் பக்கம் போகவே கூடாது. மீன்கொத்தி எந்தக் கம்பத்தில் உட்காருகிறதோ, அதற்கு நேர் எதிரே போய் உட்கார வேண்டும், அதைவிட நமக்கு அதிகம் தெரியப்போவதில்லை. இதையெல்லாம் சொல்லச் சொல்ல மாப்பிள்ளை மில் கணக்கு எழுதுவதைப் போலக் கவனமாகக் கேட்டுக்கொண்டார். சிங்காநல்லூர் வேண்டாம், பெரியம்மா மகன் தினம் அந்தக் கரையில்தான் சைக்கிளில் போகிறான், உக்கடம் பக்கம் ஒரு பெரிய குளம் இருக்கிறது, அதைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன் என்றார். ஐப்பசி பிறந்ததும் ஞாயிற்றுக்கிழமைகளில் நீயும் அவரும் போவதாகத் திட்டம். உன்னிடம் இதைச் சொன்னாரா, இல்லை வழக்கம்போல வாயை மூடிக்கொண்டு இருக்கிறாரா?

நான் கட்டி வைத்திருந்த பை சுவரோரம் இருந்தது. எங்கே பயணம் என்று அவர் கேட்டார். நாளைக்குச் சேலத்துக்கு என்று பொய் சொன்னேன். அவர் பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ‘நாளைக்கு வர வேண்டாமுங்க அத்தை. தலை தீபாவளிக்கு நானே கூட்டிட்டு வர்றனுங்க. அதுவரைக்கும் எனக்கு நேரம் குடுங்க’ என்றார். நான் சரி என்று தலையாட்டிவிட்டேன். இதுதான் உன்னைக் கேட்காமல் நான் எடுத்த முடிவு.

கிளம்பும்போது உன் அப்பாவின் இரண்டாவது கழியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். புரட்டாசி முடியட்டும், பிறகு யாரிடமாவது கொடுத்து அனுப்புகிறோம் என்று நான் எவ்வளவோ சொன்னேன். கேட்கவில்லை. மூங்கில் கழி பஸ்ஸுக்குள் நுழையவில்லை, பாதி சன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. கண்டக்டர் சத்தம் போட்டார். மாப்பிள்ளை ஒரு கையால் கழியையும் இன்னொரு கையால் எலுமிச்சம்பழத்தையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குப் பின்வாசல் வழியாகக் கொண்டுபோங்கள் என்று சன்னல் பக்கம் போய்ச் சொன்னேன். ‘மீனுக்குத்தானுங்க பின்வாசல். இது முன்வாசல்லயே வரட்டும் அத்தை. எங்கம்மாகிட்ட நானே சொல்றனுங்க’ என்றார். பஸ் நகர்ந்துவிட்டது.

உன் மாமியாரைப் பற்றியும் ஒன்று சொல்கிறேன். அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. புருஷன் போன பிறகு ஒற்றை மகனைப் படிக்க வைத்து, ஒவ்வொரு புரட்டாசிக்கும் அந்த மாவிளக்கை நம்பித்தான் அந்த அம்மாள் குடும்பத்தை ஓட்டியிருக்கிறார்கள். அந்த விளக்குக்கு முன்னால் நீ மீனைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டாய். வருகிற சனிக்கிழமை கடைசிச் சனிக்கிழமை. தலைக்குக் குளித்துவிட்டு நீயே மாவிடித்து, உன் கையால் விளக்கு ஏற்று. அவர்களிடம் மன்னிப்புக் கேள். விளக்குக்காக மட்டும் கேள். மீன் பிடித்ததற்குக் கேட்க வேண்டாம். அது உன் குணம், அதற்கு யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

இதையெல்லாம் படித்த பிறகும் அங்கே இருக்க முடியாது என்று உனக்குத் தோன்றினால், ஒரு வரி எழுது, நான் வந்துவிடுவேன். தீபாவளி வரை காத்திருக்க மாட்டேன், யார் என்ன சொல்வார்கள் என்றும் பார்க்க மாட்டேன். நீ இல்லாத வீட்டில் எனக்குப் பேச்சுத் துணைக்கு உன் அப்பாவும் அவருடைய மண்புழு டப்பாவும்தான். எனக்கு மட்டும் நீ வந்துவிட வேண்டும் என்று ஆசை இல்லையா? தினம் சாயங்காலம் பஸ் வந்தால் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் கடையில் விளக்கைப் போடுகிறேன்.

ஆனால் அதற்கு முன்னால் எனக்கு ஒன்று தெரிய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வளைவு வளைவாகத் தலை சுற்றி, இரண்டு பஸ் மாறி, அந்த நீளக் கழியோடு அவர் உங்கள் முன்வாசலில் வந்து நின்றிருப்பார். அவருடைய அம்மா எதிரே நின்றிருப்பார்கள். அப்போது நீ எங்கே நின்றாய் கண்ணு? சமையல்கட்டுக் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாயா, அவர் பக்கத்தில் வந்து நின்றாயா? பக்கத்தில் நின்றிருந்தால் எனக்கு வேறு எதுவும் எழுத வேண்டாம். நிற்கவில்லை என்றால், இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு இப்போதே போய் நில். எதுவும் பேச வேண்டாம். சும்மா நின்றால் போதும்.

நீங்கள் இரண்டு பேரும் நன்றாக இருக்க வேண்டும்.

அம்மா